கறுப்புப் படத்தின் மேல்பக்கம்

“கட்டுரை நான் எழுதினது. என் பேரைப் போடுங்க, சார்.”

அந்த வாரப் பத்திரிகை அலுவலகத்தில் சம்பள உயர்வு கேட்கலாம், விடுப்பு கேட்கலாம், மின்விசிறிக்குக் கீழே இடம்கூடக் கேட்கலாம். பெயரை மட்டும் கேட்கக்கூடாது. இப்படிக் கேட்டவள் வேலையில் சேர்ந்த அன்றைக்கே டைப்பிஸ்ட் அக்கா அவளைக் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்ன முதல் புத்திமதி அதுதான். “பேரு ஆசிரியருக்கும் துணை ஆசிரியருக்கும். நமக்கு நாற்காலி. அதைக் கேக்கப் போய் இதையும் தொலைச்சுக்காதே.”

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பத்திரிகை அவருடையது, கட்டடமும் அவருடையது. “ஏம்மா, உன் வேலை என்ன?”

“தகவல் சரிபார்க்கிறது.”

“அப்ப அதைப் பாரு.”

“பார்த்துட்டுத்தான் சொல்றேன். கட்டுரைக்கு மேலே துணை ஆசிரியர் எழுதினதா போட்டிருக்கு. அது தப்பான தகவல்.”

கதவுக்கு வெளியே தட்டச்சு இயந்திரம் சட்டென்று நின்றது. டைப்பிஸ்ட் அக்காவின் காது எப்போதும் அப்படித்தான், வேலையை விட்டுவிட்டு முன்னால் ஓடும்.

விஷயம் இதுதான். ஆண்டுக் கடைசிச் சிறப்பிதழில் நடுப்பக்கம் முழுவதும் ‘அறுபத்தைந்தில் உலகம்’ என்று ஒரு பெரிய கட்டுரை. ‘நாலு குறிப்பு எடுத்துக் கொடு, நான் ஊதிப் பெருசாக்கிக்கிறேன்’ என்று துணை ஆசிரியர் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் குறிப்பு எடுக்கவில்லை, எழுதிவிட்டாள். ‘இந்த ஆண்டு ஒரு மனிதன் விண்வெளியில் நடந்தான்; அவனைக் கலத்தோடு சேர்த்து ஒரு கயிறு கட்டியிருந்தது’ என்று ஆரம்பித்து, செவ்வாயின் முகத்தை முதன்முதலாகக் கிட்டத்தில் காட்டிய படங்கள், முடியாத போர்கள், முழங்காலுக்கு மேலே ஏறிவிட்ட பாவாடைகள், மின்சாரம் போய் ஒரே மாலையில் இருண்டுபோன தொலைதூரப் பெருநகரம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கோத்திருந்தாள். துணை ஆசிரியர் ஊதவும் இல்லை, பெரிதாக்கவும் இல்லை. மேலே தன் பெயரை மட்டும் வைத்தார்.

அவளுடைய அப்பா தையல்காரர். மகள் கொண்டுவரும் பழைய இதழ்களைத்தான் சட்டைக் கழுத்துக்கு அளவுத்தாளாக வெட்டுவார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஒருநாள் வெட்டிய தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: “இதுல எதும்மா நீ?” அவள் ஒரு பத்தியைக் காட்டினாள். “அப்ப மேலே இருக்கிறவர் யாரு?”  அதற்குப் பதில் கேட்கத்தான் இப்போது ஆசிரியர் அறைக்குள் நின்றாள்.

“பேர் போட முடியாது,” என்றார் ஆசிரியர்.

“அப்ப பேர் போடுற இடத்துக்குப் போயிடுறேன்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தம் அச்சகம் வரை கேட்டது. சொன்ன வார்த்தையும்தான்.

அடுத்த வாரமே அந்த வார்த்தை அவள் கழுத்தைப் பிடித்தது. சிறப்பிதழ் அச்சேறுவதற்கு முந்தின காலை, எதிரிப் பத்திரிகையின் சிறப்பிதழ் கடைக் கயிறுகளில் தொங்கியது. நடுப்பக்கத்தில் அதே கட்டுரை, அதே படங்கள், அதே வரிசை. தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஆசிரியர் அச்சேற்றுவதை நிறுத்திவைக்கச் சொன்னார். அலுவலகம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் யாரும் பார்க்கவில்லை. இரண்டாவதுதான் அதிகமாகச் சுட்டது.

“போலீஸுக்குப் போனா ஊர் சிரிக்கும்,” என்றார் துணை ஆசிரியர். “கதவைச் சாத்திட்டுப் போனது யாருன்னு நமக்குத் தெரியாதா? கணக்கை முடிச்சு அனுப்பிடலாம்.”

ஆசிரியர் போலீஸுக்குப் போகவில்லை. ஒரு துப்பறிவாளரை வரவழைத்தார்.

வந்தவரைப் பார்த்தால் துப்பறிகிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பல் வைத்தியருக்காகக் காத்திருக்கிறவர் போல இருந்தார். குரலை உயர்த்தவில்லை. யார் அறைக்குள் போனாலும், “கொஞ்சம் உங்க நாற்காலியில உட்காரலாமா?” என்று கேட்டு உட்கார்ந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்தார். மதியத்துக்குள் டைப்பிஸ்ட் அக்கா அவருக்கு ‘நாற்காலிக்காரர்’ என்று பட்டம் வைத்துவிட்டாள்.

அவளுடைய நாற்காலிக்கும் வந்தார். மேஜை துடைத்துப்போட்டது போல இருந்தது. காலடியில் ஒரு துணிப்பை வாய் பிதுங்கி நின்றது. அகராதியின் முதுகு வெளியே தெரிந்தது. அவர் பையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“எனக்கு இந்த ஆபீஸ்ல வழி தெரியாது. நீங்க கூட வர்றீங்களா?”

“நானா? நான்தான் திருடின்னு எல்லாரும் சொல்றாங்களே.”

“திருடினவங்களுக்கு வழி நல்லாவே தெரியும். திருடாதவங்களுக்குக் கோபம் இருக்கும். ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்கு உபயோகம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

படங்களை ஒட்டும் நீள மேஜையில் இரண்டு நடுப்பக்கங்களும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்தன: அச்சேறாமல் நின்ற இவர்களுடைய பக்கத்துக்குத் திருத்திப் பார்க்க எடுத்த கடைசிப் புரூஃப் ஒன்று, எதிரிப் பத்திரிகை மற்றொன்று. அவள் விரலை வைத்துக்கொண்டே போனாள். கட்டுரை வரிக்கு வரி ஒன்றேதான்.

“படத்துக்குக் கீழே இருக்கிறதெல்லாம் வேற வேறயா இருக்கே?” என்றார் அவர்.

“படக்குறிப்பு கடைசியாத்தான் அச்சுக்கோப்பாங்க சார். படம் உட்கார்ந்தப்புறம் மிச்சம் எவ்வளவு இடம்னு பார்த்துத்தான் எழுத முடியும்.”

“அப்ப இவங்க கைக்குப் போனது படக்குறிப்பு வர்றதுக்கு முன்னால இருந்த பக்கம்.”

அவள் நிமிர்ந்தாள். இது அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். கோபத்தில் மூளை பாதிதான் ஓடுகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“இன்னொண்ணு,” என்றார் அவர். “இதை வித்தது நீங்கன்னா, விலை என்ன கேட்டிருப்பீங்க?”

“பேரு.”

“இங்க உங்க பேரு எங்கேயாவது இருக்கா?”

எதிரிப் பத்திரிகையில் ‘நமது சிறப்புக் குழு’ என்று இருந்தது. “நான் என்ன அவ்வளவு முட்டாளா சார், ஓசியில குடுக்க?”

“அதைத்தான் நானும் நினைச்சேன். ஆனா நினைப்பு சாட்சி ஆகாது. மேற்கொண்டு பாருங்க.”

விரல் கடைசிப் படத்துக்கு வந்தது. இருண்ட பெருநகரம். முழுக்கக் கறுப்பு, மேல் ஓரத்தில் மட்டும் சிதறின வெளிச்சப் புள்ளிகள், அதில் ஒன்று சற்றே பெரியது. எதிரிப் பத்திரிகை கீழே எழுதியிருந்தது: ‘மண்ணில் இருள், விண்மீன்கள் மட்டும் விழித்திருந்தன.’

அவள் அந்த இதழைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன?”

“தலைகீழா போட்டிருக்காங்க சார்! இது நட்சத்திரம் இல்லே. கீழே இருக்கணும். வீட்டு ஜன்னல். மெழுகுவர்த்தி. பாருங்க, நம்ம படக்குறிப்பு!”

கடைசிப் புரூஃபில் புள்ளிகள் கீழே இருந்தன. அடியில் அவள் வரி: ‘ஊரே இருண்டது, சில ஜன்னல்களில் மட்டும் மெழுகுவர்த்தி.’

“யார் எடுத்த படம் இது?”

மேஜையின் மறுகோடியில் பசை தடவிக்கொண்டிருந்த ஓவியர் தடவுவதை நிறுத்தினார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

“யாரும் எடுக்கலே,” என்றாள் அவள். “செய்தி ஏஜென்சியில இருந்து படம் வரலே. ஒரு கறுப்பு அட்டையை அதோ அந்த ஜன்னல் கண்ணாடியில ஒட்டி, எங்க அப்பாவோட தையல் ஊசியால நான் குத்தினேன். ஓவியர் அண்ணன் அதைப் படம் பிடிச்சு, அச்சடிக்கிற உலோக பிளாக் பண்ணக் குடுத்தார். நிஜப் படம் இல்லேன்னு தெரியறதுக்காகப் படக்குறிப்புல ‘சித்திரிப்பு’ன்னு எழுதியிருந்தேன். ஆசிரியர் அதை அடிச்சுட்டார்.”

“ஏன் அடிச்சார்?”

“படம்னா படம்தான், வாசகனுக்கு ஊசிக் கதை எதுக்குன்னார்.”

நாற்காலிக்காரர் இரண்டு பக்கங்களையும் மடித்தார். “தலைகீழ் விஷயத்தை இப்போதைக்கு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அண்ணே, நீங்களும்தான்.”

வாயை மூடிக்கொண்டிருப்பதைப் போல அவளுக்குக் கஷ்டமான வேலை உலகத்தில் வேறில்லை. ஆனாலும் மூடிக்கொண்டாள்.

அச்சகத்தில் ஃபோர்மேன் அவர்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கதவோரக் கொக்கியில் பழைய புரூஃபுகள் குத்தித் தொங்கின. அதிலிருந்து நடுப்பக்கத்தின் முதல் புரூஃபை உருவினார். கறுப்புப் படத்தின் மேல் சிவப்புப் பென்சிலில் ஒரு பெரிய வளைந்த அம்பு, திருப்பிப் போடச் சொல்லி. அவளுடைய அம்பு.

“எங்க மேல தப்பு இருக்கு சார், ஒத்துக்கறேன்,” என்றார் ஃபோர்மேன். “முழுக் கறுப்பு பிளாக். அதுல தலை எது, வால் எதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்? தலைகீழா வச்சு முடுக்கிட்டோம். இந்த அம்மா வந்து கத்தினப்புறம்தான் திருப்பினோம். என்ன கத்து!”

“நான் கத்தலே. சொன்னேன்.”

“இயந்திரம் ஓடும்போதே எனக்குக் கேட்டுச்சும்மா.”

“முதல் புரூஃப் எத்தனை எடுத்தீங்க?” என்றார் நாற்காலிக்காரர்.

“எப்பவும் ரெண்டு. ஒண்ணு இவங்களுக்கு. அதுதான் இது. இன்னொண்ணு மேலே தட்டுக்கு.”

அந்தத் தட்டு ஆசிரியர் அறைக்கும் துணை ஆசிரியர் அறைக்கும் நடுவே ஒரு சின்ன மேஜையில் இருக்கும். இருவரில் யார் கையும் அதற்கு எட்டும்.

துணை ஆசிரியர் தன் நாற்காலியை எழுந்து கொடுத்தார், பெரிய மனசு பண்ணுகிற முகத்தோடு. நாற்காலிக்காரர் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பு பழுத்திருந்த அந்தச் சுவரில் நாலைந்து சதுரங்கள் மட்டும் புதுசு போல வெளுப்பாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெறும் ஆணி.

“முதல் புரூஃபா? தட்டுல இருந்திருக்கும். நான் தொடலே,” என்றார் துணை ஆசிரியர். “கடைசிப் புரூஃபைத்தான் எழுத்து விடாம படிச்சேன். கையெழுத்துப் போட்டிருக்கேன், பாருங்க.”

“கட்டுரை நீங்க எழுதினதுன்னு சொன்னாங்க.”

“பின்னே? இந்தப் பொண்ணு ஏதோ நாலு குறிப்பு குடுத்தா. எழுத்து என்னோடது.”

அவள் வாயைத் திறந்தாள். நாற்காலிக்காரர் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினார். அவள் மூடினாள்.

“படக்குறிப்புகூட?”

“ஒவ்வொண்ணும். அதனாலதான் கேக்கறேன், பெத்த பிள்ளையை எவனாவது எதிரி வீட்டு வாசல்ல கொண்டுபோய்ப் போடுவானா?”

“போடமாட்டாங்க,” என்றார் அவர், ஏதோ அப்போதுதான் புரிந்ததைப் போல. “பெத்தவங்கன்னா போடமாட்டாங்க.”

சாயங்காலம் எல்லோரும் ஆசிரியர் அறையில் கூடினார்கள்: ஆசிரியர், துணை ஆசிரியர், ஓவியர், ஃபோர்மேன், அவள். டைப்பிஸ்ட் அக்கா குறிப்பெடுக்க வந்ததாகச் சொன்னாள். கையில் பென்சில் இல்லை.

நாற்காலிக்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். கறுப்பு பிளாக்கை மட்டும் தனியாக அச்செடுத்து, நாலு பக்கமும் வெட்டி, படக்குறிப்பு இல்லாமல். “சின்ன உதவி. எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. இதை நேரா அந்தப் பலகையில குத்தி வைக்கணும். எழுதினவர் இருக்கும்போது வேற யாரைக் கேக்கறது?”

துணை ஆசிரியர் புன்னகையோடு எழுந்தார். காகிதத்தை ஒருமுறை திருப்பினார், மறுபடி திருப்பினார். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குப் பிடித்தமான விஷயம், அவசரப்படவில்லை. புள்ளிகள் மேலே வரும்படி குத்தி, ஒரு எட்டுப் பின்வாங்கி ரசித்தார். “மேலே வானம், கீழே இருண்ட நகரம். உருக்கமான படம்.”

ஃபோர்மேனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓவியர் தன் செருப்பை ஆராய்ந்தார்.

“நட்சத்திரமா?” என்றார் ஆசிரியர். “அது மெழுகுவர்த்தி இல்லையோ? நான்தானே அந்தப் படக்குறிப்பைத் திருத்தினேன்.”

“ஆமாம் சார்,” என்றார் நாற்காலிக்காரர், அதே தணிந்த குரலில். “கடைசிப் புரூஃபைப் பார்த்த யாருக்கும் அது மெழுகுவர்த்தி. முதல் புரூஃப்ல மட்டும் பிளாக் தலைகீழா இருந்தது, படக்குறிப்பும் இல்லே. அதைப் பார்த்துட்டு நிறுத்திக்கிட்டவங்களுக்குத்தான் அது நட்சத்திரம். எதிரிப் பத்திரிகைக்கும் அது நட்சத்திரம்தான், எடுத்துப் பாருங்க.”

ஆசிரியர் இதழைப் புரட்டினார். காலையிலிருந்து அதை அவர் பத்துத் தடவையாவது மேஜையில் அடித்திருப்பார். கறுப்பை மட்டும் யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

“தலைகீழ்னு கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணு. திருப்பினது ஃபோர்மேன். படத்தைப் பண்ணினது ஓவியர். இந்த மூணு பேர்ல ஒருத்தர் வெளியே குடுத்திருந்தா, தப்புன்னு தெரிஞ்சே ஒரு தப்பான பக்கத்தைக் குடுத்திருக்கணும். அதுவும் படம் அசல் இல்லே, ஊசியால குத்தினதுன்னு தெரிஞ்சுக்கிட்டே. மீதி ரெண்டு பேர். ஆசிரியர் சார், உங்களுக்கு அது மெழுகுவர்த்தி.”

அவர் துணை ஆசிரியர் பக்கம் திரும்பவில்லை. மற்ற எல்லோரும் திரும்பினார்கள்.

“இது என்ன குழந்தை விளையாட்டு?” துணை ஆசிரியரின் குரல் ஏறியது. “ஒரு காகிதத்தைத் தப்பாக் குத்தினா திருடனா? மறந்துட்டேன், அவ்வளவுதான்!”

“மறக்கலாம். ஆனா படக்குறிப்பு ஒவ்வொண்ணும் நீங்க எழுதினதாச் சொன்னீங்க. எழுதினவர் எதை எழுதினோம்னு மறந்து, எதிரி என்ன எழுதினானோ அதை ஞாபகம் வச்சிருக்கார். கடைசிப் புரூஃப்ல உங்க கையெழுத்து இருக்கு சார். கண்ணு இல்லே. ஏன்னா அந்தப் பக்கத்துல உங்க வேலை ஏற்கெனவே முடிஞ்சு போச்சு.” துணை ஆசிரியர் அறைப் பக்கம் கையைக் காட்டினார். “உங்க சுவர்ல இருந்த படமெல்லாம் எப்ப வீட்டுக்குப் போச்சு? புது வருஷத்துல எந்த அறையில மாட்டப் போறீங்க?”

துணை ஆசிரியர் உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார்; அங்கே அவர் குத்தி வைத்த இரவு தலைகீழாகத் தொங்கியது. “அங்க ஆசிரியர் பதவி,” என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல். “வெறுங்கையோட போக முடியுமா?”

“நீங்க உங்க கையைக் கொண்டு போயிருக்கணும்,” என்றாள் அவள். “என் கையை எதுக்குக் கொண்டு போனீங்க?”

அவர் போன பிறகு அறையில் காற்றோட்டம் வந்தது போலிருந்தது. ஆசிரியர் தொண்டையைச் செருமினார். அவர் கெட்டவர் இல்லை. கஷ்டப்படாமல் நல்லவராக இருக்கப் பிரியப்படுகிறவர்.

“சரிம்மா. எதிரி முந்தி அச்சடிச்சுட்டாலும், இது நம்ம கட்டுரை. நாமளும் போடுறோம். உன் பேரோட. முதல் தடவையா. போதுமா?”

டைப்பிஸ்ட் அக்கா கையைத் தட்டப்போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“கறுப்புப் படத்துக்குக் கீழே ‘சித்திரிப்பு’ன்னு போடணும் சார்.”

“மறுபடியுமா? அவன் அசல்னு போட்டிருக்கான். நாம மட்டும் ஊசியால குத்தினோம்னு சொன்னா கேலிக்கூத்தாயிடும். பேரு குடுத்தாச்சு இல்லே? அந்த ஒரு வார்த்தையை விட்டுடு.”

“என் பேருக்குக் கீழே பொய் வராது சார்.”

“குத்தினது நீதானே!”

“நான்தான். அதனாலதான்.”

“அந்த வார்த்தை வராது.” ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார், அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்தது. “நாளைக்குக் காலையில வந்து ஒழுங்கா வேலையைப் பாரு.”

“அவங்க வரமாட்டாங்க,” என்றார் நாற்காலிக்காரர், தன் குடையைத் தேடிக்கொண்டே. “இந்த ஆபீஸ்ல கிளம்பத் தயாரா இருந்தது ரெண்டு பேர். அவர் சுவரைக் காலி பண்ணினார். இவங்க மேஜையை.”

ஆசிரியர் அவளைப் பார்த்தார். “அப்ப காலையிலேயே முடிவு பண்ணிட்டியா? பின்னே எதுக்கு இவ்வளவு நேரம் இருந்தே?”

“திருடின்னு பேர் எடுத்துட்டுப் போக முடியாது சார். ஏற்கெனவே ஒரு பேரும் இல்லே. முதல்ல கிடைக்கிறது அதுவா இருக்கக்கூடாது.”

அவள் பலகைக்குப் போனாள். கறுப்புக் காகிதத்தைக் கழற்றி, ஜன்னல்கள் கீழே வரும்படி திருப்பிக் குத்தினாள். ஃபோர்மேனின் சிவப்புப் பென்சிலை வாங்கி, காகிதத்துக்குக் கீழே பலகையிலேயே ‘சித்திரிப்பு’ என்று எழுதினாள். அதன் பக்கத்தில், கட்டை எழுத்தில், தன் பெயரை எழுதினாள். அந்த அலுவலகத்தில் அது முதல் தடவை.

பையைத் தூக்கித் தோளில் போட்டபோது டைப்பிஸ்ட் அக்கா வாசல்வரை ஓடிவந்தாள். “எங்கடி போவே? எதிரி வீட்டுக்கா?”

“அங்கயும் பொய் நட்சத்திரம்தான்க்கா. வேற இடம்.”

“அங்கயும் போய் இதையே கேக்காதே, சொல்லிட்டேன்.”

“கேக்கறேன். ஆனா இந்தத் தடவை உட்கார்றதுக்கு முன்னாலேயே கேட்டுடுவேன்.”

அச்சகம் இன்னும் நின்றுதான் கிடந்தது. அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். அகராதி முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.